இறக்கம்தான் காலைப் பிடிக்கும்

மட்டக்களப்பில் நடைக்குப் பஞ்சமில்லை. உகந்தையில் கும்பிட்டுவிட்டு, குமணைக் காட்டுக்குள் இறங்கிக் கதிர்காமம் வரை நடக்கிறவர்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அப்படி நடந்து பழகிய கால்களையும் குடும்பிமலை ஒரே நாளில் பணிய வைத்துவிடுகிறது. கிரானிலிருந்து உள்ளே போனால் தெரியும் அந்த மலையின் உயரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 530 மீற்றர்தான். மலைநாட்டுக்காரர் கேட்டால் சிரிப்பார்.

ஏறும்போது மூச்சு வாங்குவதில் புதிர் எதுவுமில்லை. உடம்பைத் தூக்கத் தசைக்கு ஒட்சிசன் வேண்டும். இதயமும் நுரையீரலும் ஓடி ஓடிக் கொடுக்கின்றன. கச்சான் காற்றுக் காலமென்றால் பாறைச் சூடும் சேர்ந்துகொள்ளும். உச்சியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் எல்லாம் அடங்கிவிடும். வேடிக்கை அதன் பிறகுதான். இறங்கத் தொடங்கிச் சிறிது நேரத்தில், பாறையில் கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் முழங்காலுக்கு மேலே தொடை தானாக நடுங்கும். மறுநாள் காலை லேசான நோவு. அதற்கும் மறுநாள், கதிரையிலிருந்து எழும்பக் கைப்பிடியைத் தேட வேண்டியிருக்கும். மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கும் ஆசிரியரைப் பார்த்தால், சனிக்கிழமை எங்கே போயிருந்தார் என்று கேட்கவே தேவையில்லை.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 300 மீற்றர் உயரம் ஏறினால், புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை ஏறக்குறைய 176 கிலோயூல். இறங்கும்போது அதே அளவு சக்தியை உடம்பு எங்காவது தொலைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் உருண்டுதான் போக வேண்டும். ஒரு காலடிக்கு 20 சென்ரிமீற்றர் இறக்கம் என்று வைத்தால் 1500 காலடிகள். ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மடங்க, முன்தொடைத் தசை அந்த மடிப்பைத் தடுத்துப் பிடிக்கிறது. ஏறும்போது சுருங்கிக்கொண்டே இழுக்கும் தசை, இறங்கும்போது நீண்டுகொண்டே இழுக்கிறது. கயிறிழுக்கும் போட்டியில் தோற்கும் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: பிடியை விடவில்லை, ஆனாலும் இழுபட்டுப் போகிறார்கள். உள்ளங்கை உரிவது அவர்களுக்குத்தான்.

தசையிழைக்குள்ளே தசைப்பாத்துகள் என்னும் நுண்ணிய அலகுகள் வரிசையாக இருக்கின்றன. இழுவை கூடும்போது அவற்றில் பலவீனமானவை அளவுக்கு மீறி நீண்டு ஒழுங்கு குலைகின்றன. இழையின் சவ்வும் சேதப்பட்டு, கல்சியம் வேண்டாத இடத்துக்குள் கசிகிறது. பிறகு அழற்சி, வீக்கம்; அங்குள்ள நரம்பு முனைகள் தொட்டாலே சுருக்கென்கின்றன. இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். நோவு உச்சத்துக்கு வர 24 முதல் 72 மணித்தியாலம் ஆவது அதனால்தான். ‘லக்டிக் அமிலம் தேங்கிவிட்டது’ என்ற விளக்கம் விளையாட்டு மைதானங்களில் இன்னும் சாகவில்லை. அது இரத்தத்திலிருந்து ஓரிரு மணித்தியாலத்தில் விலகிவிடும். நாளை மறுநாள் நோவுக்கு அதன்மேல் பழி போடுவது அநியாயம். தசை உள்ளே கிழிவதுதான் காரணமாக இருக்கலாம் என்று உடலியல் ஆய்வாளர் தியோடர் ஹஃப் 1902 இலேயே எழுதிவிட்டார்.

இறக்கம் ஏமாற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1952 இல் அபொட், பிக்லண்ட், ரிச்சி ஆகிய மூன்று உடலியல் ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை ஒன்றுக்கொன்று முதுகு காட்ட வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதிகட்டையைத் தடுக்க வேண்டும். இருவர் காலிலும் ஒரே விசைதான். ஆனால் தடுத்தவருக்குச் செலவான ஒட்சிசன் மிகக் குறைவு. இறங்கும்போது மூச்சு வாங்காததும் இதே கணக்குத்தான். நீளும் தசை குறைந்த செலவில் பெரிய பாரத்தைத் தாங்குகிறது. வேலை செய்யும் இழைகளும் குறைவு என்பதால், ஒவ்வோர் இழையின் தலையிலும் பாரம் கூடுதலாக விழுகிறது. எச்சரிக்க வேண்டிய மூச்சு பேசாமல் இருக்க, நாம் கதைத்துக்கொண்டே வேகமாக இறங்குகிறோம்.

சமதரையில் எத்தனை கிலோமீற்றர் நடந்தாலும் இந்த வேலைக்குத் தொடை பெரிதாகப் பழகுவதில்லை. பழக்குவதற்கு இறக்கமேதான் வேண்டும். நல்ல வேளையாக, கொஞ்சம் போதும். ஒன்றிரண்டு வாரம் முன்னதாகத் தாந்தாமலை போன்ற சிறிய குன்றிலோ, அதுவும் இல்லையென்றால் மாடிப்படியிலோ சிறிது நேரம் இறங்கிப் பழகினால், அடுத்த நீண்ட இறக்கத்தில் சேதம் குறைகிறது. இந்தக் காப்பு பல வாரம் நிற்கும், பிறகு மெல்லக் கரையும். புறப்படும் முன் கை கால் நீட்டி மடக்குவதால் நோவு குறிப்பிடத்தக்க அளவு குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. சிறிய அடி வைப்பதும், ஒரு தடியை ஊன்றிப் பாரத்தின் ஒரு பங்கைக் கைக்கு மாற்றுவதும் பயன் தரும்.

வழக்கமான நோவு ஒரு வாரத்துக்குள் போய்விடும், மருந்து வேண்டியதில்லை. ஆனால் கால் வீங்கி விறைத்து, சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால், உடைந்த தசையின் புரதம் சிறுநீரகத்துக்குள் இறங்குகிறது என்று பொருள். அப்போது தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.