அளவு சரியாக இருந்த கிராங்க்

கும்பகோணத்தில் என் பட்டறைக்கு வருவதில் முக்கால்வாசி பம்புசெட் இன்ஜினும் டிராக்டரும்தான். மேட்டூர் திறக்குமுன் கிராங்க் கிரைண்டிங் வேலை, அதாவது பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டைச் சாணைபிடிக்கும் வேலை, ஓயாது. 1500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1500 சுற்று) ஓடும் பம்புசெட் கிராங்க் பொறுமைசாலி. 0.25 மி.மீ. கிரைண்ட் செய்து, அதற்கேற்ற பேரிங் போட்டால் இன்னும் பல போகம் தாங்கும். அந்தப் பழக்கத்தில்தான் நான் ஒருமுறை சறுக்கினேன். தட்டிப் பார்த்து, ஓசையை நம்பி நான் கொடுத்த ஒரு கிராங்க் பந்தயத்தில் இரண்டாக முறிந்தது. பிளாக்கும் போயிற்று.

அதனால் போன வருடம் மன்னார்குடித் தம்பி ஒருவர் மாருதி எஸ்டீம் காரின் 1.3 லிட்டர் இன்ஜினைப் பந்தயத்துக்குத் தயாராக்கக் கொண்டுவந்து, "அண்ணே, கிராங்க் ஸ்டாண்டர்டு சைஸ்லயே இருக்கு, அப்படியே மாட்டிடலாம்ல?" என்றபோது நான் அவசரப்படவில்லை. மைக்ரோமீட்டரில் தேய்மானம் இல்லை. வளைவு பார்க்க வி-பிளாக்கில் (வி வடிவத் தாங்கி) வைத்து உருட்டினால் டயல் முள் அசையவே இல்லை. கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினால் கோயில் மணி மாதிரி ரீங்காரம். பம்புசெட் கிராங்காக இருந்தால் அன்றே மாட்டியிருப்பேன்.

ஆனால் தம்பி 7000 ஆர்பிஎம் வரை முறுக்கப்போகிறார். பிஸ்டனும் கனெக்டிங் ராடும் கிராங்கை இழுக்கும் விசை, சுற்று வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 5000-லிருந்து 7000 போனாலே ஏறக்குறைய இரண்டு மடங்கு.

துவாக்குடிப் பக்கம் ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். காந்தமேற்றி, ஒளிரும் இரும்புத்தூள் கலந்த திரவத்தை ஊற்றி, இருட்டில் புறஊதா விளக்கைக் காட்டினார்கள். மூன்றாவது கிராங்க்-பின்னும் (கனெக்டிங் ராடு மாட்டும் இடம்) பக்கச்சுவரும் சேரும் வளைவில், நகம் வெட்டிப் போட்ட மாதிரி ஒரு பச்சைக் கோடு. விரிசல்தான். பகல் வெளிச்சத்தில் அதே இடத்தை விரலால் தடவினேன். கண்ணாடி மாதிரி வழவழப்பு! விரிசல் பெரும்பாலும் அந்த வளைவிலோ ஆயில் ஹோல் விளிம்பிலோதான் பிறக்கும். தட்டும் ஓசை பெரிய வெடிப்பைத்தான் காட்டிக்கொடுக்கும்.

பேரிங் இடம்விட்டுச் சுழன்று, சூட்டில் நீலம் பாய்ந்த கிராங்கை நான் பந்தய இன்ஜினுக்குத் தொடுவதில்லை. கிரைண்ட் செய்தவர் அந்த வளைவைக் கூர்மூலையாக்கி விட்டிருந்தாலும் அப்படியே. நைட்ரைடு செய்த (நைட்ரஜன் ஏற்றி மேல்தோலைக் கடினமாக்கிய) கிராங்கென்றால் கிரைண்டிங்கில் அந்த மெல்லிய தோல் போய்விடும், மறுபடி நைட்ரைடு செய்ய வேண்டும்.

தம்பி வேறொரு பழைய கிராங்க் பிடித்துவந்தார். அதுவும் துவாக்குடி போய், கோடில்லாமல் திரும்பியது. காந்தத்தை இறக்கித்தான் கொடுத்திருந்தார்கள். இருந்தாலும் ஆயில் வழியின் அடைப்பான்களைக் கழற்றி, பிரஷ் விட்டுக் கழுவினேன். மிச்சமிருந்த இரும்புத்தூள் டீசலில் கறுப்பாக இறங்கியது. அது உள்ளேயே இருந்திருந்தால் புதுப் பேரிங்கைத்தான் தின்றிருக்கும்.