சைவர் மூளையில் பன்றிப் புழு

“எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. மகனுக்கு வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்தால், மூளையில் பன்றி நாடாப்புழு என்கிறார்கள். எப்படி வந்தது?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வேகாத பன்றி இறைச்சியால் குடலில் நாடாப்புழு வளரும் என்பது பள்ளிப் பாடம். 1855இல் கூஹன்மைஸ்டர் என்ற ஜெர்மானிய மருத்துவர், மரண தண்டனைக் கைதி ஒருவருக்கு அந்த இறைச்சியைக் கொடுத்து, பிணப் பரிசோதனையில் புழுவைக் கண்டு அதை நிரூபித்தார். கொடுமையான சோதனைதான்.

மூளையில் புழு வருவதோ இறைச்சியால் அல்ல, அந்த நாடாப்புழுவின் முட்டையால். குடலில் புழு உள்ளவரின் மலத்தில் அது வெளிவருகிறது. புழுவின் உடல் துண்டான முதிர்ந்த கண்டம் ஒன்றிலேயே ஐம்பதாயிரம் முட்டைகள் வரை இருக்கும். அவர் கை கழுவாமல் கொத்தமல்லி நறுக்கினால் சைவச் சட்னியும் தப்பாது.

விழுங்கிய முட்டையின் ஓடு செரிமான நீர் பட்டுக் கரைந்ததும் ஆறு கொக்கிகளுடன் கரு வெளிவந்து, குடல்சுவரைத் துளைத்து இரத்தத்தில் ஏறுகிறது. மூளையில் தங்கினால் பட்டாணி அளவு நீர்ப்பையாகிறது. ஸ்கேனில் பைக்குள் ஒரு வெண்புள்ளி தெரியும், அதுதான் தலை. இந்தப் புழுவுக்கு வாயில்லை, குடலில்லை. உணவு தோல்வழியே போகிறது. அந்தத் தோல் சுரக்கும் பொருட்கள் நம் எதிர்ப்புப் புரதங்களை முடக்கிவிடுகின்றன. எனவே ஆண்டுக்கணக்கில் தலைவலிகூட இல்லாமல் இருக்கலாம். புழு சாகத் தொடங்கும்போதுதான் வினை. சுரப்பு நிற்கிறது, பை கசிகிறது, அதுவரை ஏமாந்திருந்த வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. சுற்றிலும் மூளை வீங்கி வலிப்பு வருகிறது. பெரும்பாலும் வலிப்பைத் தருவது புழு அல்ல, அதன் சாவு! புழுவைக் கொல்லும் அல்பெண்டசோலுடன், வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டும் மருத்துவர் எழுதுவது இதனால்தான்.

இந்தியர்களின் ஸ்கேனில் தெரிந்த ஒற்றைக் கட்டியை ஒருகாலத்தில் காசநோய்க் கட்டி என்றே நினைத்து, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர்கள் 1980களின் இறுதியில் அவற்றை எடுத்துச் சோதித்து, பெரும்பாலானவை சாகும் புழுக்களே என்று காட்டினார்கள். பல கட்டிகள் தாமாகவே மறைந்தும் விடுகின்றன.

நாமோ இன்னும் வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறோம். சற்று நேரத்தில் வலிப்பு தானே அடங்குகிறது, பேர் சாவிக்குப் போகிறது.

பன்றிக்குப் போடத் தடுப்பூசி இருக்கிறது, ஹைதராபாத்திலேயே தயாராகிறது. ஆனால் புழு உள்ள பன்றி கொழுகொழுவென்றுதான் இருக்கும், வளர்ப்பவர் ஏன் காசு கொடுத்து ஊசி போடுவார்? மாட்டுக்குக் கோமாரி ஊசியை இலவசமாகப் போடும் அரசு, இதையும் போட வேண்டும்.