எண்பது வயது டகோட்டாவை நம்பி ஏறலாமா?

பழைய விமானங்களை விற்கிறவர்கள் கொடுக்கும் விளம்பரங்களுக்கென்று ஒரு நடை உண்டு. படத்தில் ஒரு டக்ளஸ் டிசி-3, அதாவது டகோட்டா என்ற இரட்டை எஞ்சின் விமானம், கண்ணாடி மாதிரி பளபளத்துக்கொண்டு நிற்கும். கீழே நாலு வரி: உடற்கூடு இதுவரை பறந்தது இத்தனை ஆயிரம் மணி நேரம், இடது எஞ்சின் ஓவர்ஹாலுக்கு (முழுசாகப் பிரித்துச் சீர்செய்வதற்கு) பிறகு இத்தனை மணி, வலது எஞ்சின் இத்தனை மணி, லாக் புக் முழுசாக இருக்கிறது. தயாரித்த வருடம் 1943 என்றோ 1944 என்றோ போட்டிருக்கும். நமக்கு முதலில் கண்ணில் படுவது அந்த வருடம்தான். விஷயம் தெரிந்து வாங்க வருகிறவர் அதைத் தாண்டி மணிக்கணக்குக்குப் போய்விடுவார்.

காரணம் எளிது. கட்டடம் கட்டும் இடத்தில் கம்பி கட்டுகிறவர், கையில் பிளேயர் இல்லாவிட்டால் கட்டுக்கம்பியை என்ன செய்வார்? இப்படியும் அப்படியுமாக நாலைந்து முறை மடக்குவார். இழுத்தால் அறாத கம்பி பட்டென்று ஒடிந்துவிடும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். சும்மா கிடக்கும் கம்பி நூறு வருடம் கிடந்தாலும் சோர்ந்துபோகாது, துருப்பிடித்தால்தான் உண்டு. விமானத்துக்கும் அதே கணக்குதான். எத்தனை வருடம் இருந்தது என்பதைவிட எத்தனை முறை வளைந்து நிமிர்ந்தது என்பதே அதன் வயது.

இன்றைய ஜெட் விமானம் ஒவ்வொரு பயணத்திலும் ஒரு முறை ஊதப்படுகிறது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் வெளியே காற்று மிக மெலிந்திருக்கும். பயணிகள் மூச்சுவிட வேண்டுமே என்று உள்ளே அழுத்தத்தைக் கூட்டிவைப்பார்கள். உடற்கூடு பலூன்போல லேசாக விரியும், தரையிறங்கியதும் சுருங்கும். இந்த விரிவும் சுருக்கமும் என்ன செய்யும் என்பதை உலகம் 1954இல் கற்றுக்கொண்டது. அந்த வருடம் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறின. வேறொரு காமெட்டை பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, திரும்பத் திரும்ப அழுத்தம் கொடுத்துச் சோதித்தபோதுதான் உடற்கூடு சோர்ந்து கிழிவது தெரிந்தது.

டிசி-3க்கு இந்தத் தொல்லையே இல்லை. அது ஊதப்படாத விமானம். உள்ளே இருக்கும் காற்றும் வெளியே இருக்கும் காற்றும் ஒன்றுதான். அதனால் மூவாயிரம் மீட்டரைத் தாண்டி வசதியாகப் பறக்க முடியாது, மேகத்துக்கு மேலே ஏறித் தப்பிக்கவும் முடியாது. அந்தக் காலத்துப் பயணிகள் ஆட்டத்தில் குடல் புரண்டு வாந்தி எடுத்ததற்கும், அதே விமானம் இன்னும் பறப்பதற்கும் காரணம் ஒன்றே என்பது வேடிக்கைதான்.

சரி, உடற்கூடு தப்பித்தது. இறக்கை? ஒவ்வொரு காற்று மோதலிலும் அது வளையத்தானே செய்யும். இங்கே 1931இல் நடந்த ஒரு விபத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கான்சாஸில், டிடபிள்யூஏ என்ற விமானச் சேவை நிறுவனத்தின் ஃபோக்கர் விமானத்தின் மர இறக்கை வானத்திலேயே முறிந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். ஈரம் இறங்கி, மரத்தை ஒட்டியிருந்த பசை விட்டுப்போயிருந்தது. மர இறக்கை மீதிருந்த நம்பிக்கை அத்தோடு போயிற்று. அடுத்த வருடம் டிடபிள்யூஏ உலோக விமானம் கேட்டு எழுத, டக்ளஸ் நிறுவனம் டிசி-1ஐச் செய்தது. அதன் வழியில் வந்ததுதான் 1935 டிசம்பர் 17 அன்று முதலில் பறந்த டிசி-3. இறக்கையின் உள்கட்டமைப்பு விமான வடிவமைப்பாளர் ஜாக் நார்த்ராப்பின் யோசனை. ஒரே உத்திரத்தை நம்பாமல் மூன்று உத்திரங்கள், அவற்றுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்புகள், மேலே ரிவெட் அடித்த தகடு. எல்லாம் சேர்ந்து அடுக்குப்பெட்டி போல பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஓரிடத்தில் விரிசல் விட்டாலும் பக்கத்து அறை தாங்கும். கணினி இல்லாத காலம். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் பொறியாளர்கள் உலோகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பயத்தின் பலனை இன்று அனுபவிக்கிறோம்.

ஆனாலும் அதற்கு ஒரு பலவீனமான இடம் உண்டு. இறக்கையின் வெளிப்பகுதி தனித் துண்டு. எஞ்சினுக்கு அப்பால், வரிசை வரிசையான போல்ட்களால் நடுப்பகுதியோடு பூட்டப்பட்டிருக்கும். பறக்கும்போது அந்த மூட்டின் அடிப்பக்கம் இழுபட்டுக்கொண்டே இருக்கும். விரிசல் வந்தால் அங்கேதான் வரும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த தாள் இருக்கிறதா என்று வாங்குகிறவர் கேட்காவிட்டால் அவர் புதியவர்.

அடுத்த எதிரி அரிப்பு. வலுவான அலுமினியக் கலவை உப்புக்காற்றில் எளிதில் அரித்துப்போகும். அதனால் தகட்டின் இருபுறமும் மெல்லிய சுத்த அலுமினியப் படலத்தை ஒட்டியிருப்பார்கள். படலம் அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். இப்போது விளம்பரப் படத்தை மறுபடி பாருங்கள். அந்தக் கண்ணாடிப் பளபளப்பு தேய்த்துத் தேய்த்து வந்தது. ஒவ்வொரு தேய்ப்பிலும் காவல் படலம் கொஞ்சம் கழன்றுபோகிறது. எனக்கென்னவோ, மங்கலாக நிற்கும் டகோட்டா மீதுதான் நம்பிக்கை வரும்.

டகோட்டா என்றது பிரிட்டிஷ் விமானப்படை வைத்த பெயரை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவத்துக்காக மட்டும் பத்தாயிரத்துக்குக் கிட்டே செய்தார்கள். போர் முடிந்ததும் மலிவு விலையில் சந்தைக்கு வந்தன. ஏர் சிலோன் 1947இல் ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தொடங்கிய முதல் சேவை இந்த விமானத்தில்தான். 1944இல் செய்த ஒரு டகோட்டா பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டு, 2018இல் தானே பறந்து இந்தியா வந்து, 'பரசுராமா' என்ற பெயரோடு விமானப்படையில் இருக்கிறது.

எஞ்சினுக்கு வருவோம். பெரும்பாலானவற்றில் இருப்பது பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப், 1,200 குதிரைத்திறன். பதினான்கு சிலிண்டர்கள், ஏழு ஏழாக இரண்டு வட்டங்கள். ஏன் ஏழு? நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எரிபொருள் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும். அதிர்வில்லாமல் ஓட, வட்டத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக வெடிக்க வேண்டும். 1, 3, 5, 7 என்று போய், அடுத்த சுற்றில் 2, 4, 6. ஒற்றைப்படையாக இருப்பதால் கணக்கு தானாக அமைகிறது. எட்டு இருந்தால் ஒற்றை எண்கள் மட்டுமே திரும்பத் திரும்ப வந்து, மற்ற நாலும் சும்மா நிற்கும்.

வட்டமாக அடுக்கினால் சில சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கும். விமானம் நிற்கும்போது ஆயில் மெதுவாகக் கசிந்து அவற்றுக்குள் தேங்கிவிடும். காற்றை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் மேலே வரும் பிஸ்டன் ஆயிலில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால்தான் கிளம்புமுன் ஆட்கள் எஞ்சினின் முன்னால் இருக்கும் விசிறியை (ப்ரொப்பெல்லரை) கையால் பிடித்து, எண்ணிக்கொண்டே சுற்றுகிறார்கள். எங்காவது இறுகினால் உடனே நிறுத்த வேண்டும். பலத்தைக் கூட்டித் தள்ளினால் கதை முடிந்தது. பிளக்கைக் கழற்றி ஆயிலை வடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு சுற்றுவார்கள்.

ஓர் எஞ்சின் நின்றுவிட்டால்? டிடபிள்யூஏ போட்ட நிபந்தனையே அதுதான்: தங்கள் வழித்தடத்தில் எந்த நிலையத்திலிருந்தும் முழுப் பாரத்தோடு ஒற்றை எஞ்சினில் மேலே ஏற முடிய வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள அரிசோனாவின் வின்ஸ்லோவில் 1933இல் டிசி-1 அதைச் செய்துகாட்டியது. டிசி-3க்கு வந்த விசிறிகள் இதை இன்னும் எளிதாக்கின. நின்றுபோன விசிறி காற்றை மறித்து விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். முறத்தை முகப்பாகப் பிடித்தால் காற்று தள்ளும், விளிம்பைத் திருப்பினால் வெட்டிக்கொண்டு போகும் அல்லவா? அப்படி விசிறியின் ஒவ்வொரு இதழையும் விளிம்பு காற்றைப் பார்க்கும்படி திருப்பிவிடுவார்கள். எஞ்சின் ஓடும்போதும் இதே திருப்பம் பைக்கின் கியர் போல வேலை செய்கிறது.

வாங்கிவிட்டால் அப்புறம் இருக்கிறது செலவு. இரண்டு எஞ்சினும் சேர்ந்து மணிக்கு ஏறக்குறைய 350 லிட்டர் குடிக்கும், அதுவும் ஈயம் கலந்த விமானப் பெட்ரோல். பல விமான நிலையங்களில் அது கிடைப்பதே இல்லை, ஜெட் எரிபொருள்தான். இதற்கு அமெரிக்காவின் ஆஷ்காஷில் உள்ள பாஸ்லர் நிறுவனம் ஒரு வழி கண்டது: உடலை நீட்டி, பழைய எஞ்சின்களைக் கழற்றி, ஜெட் எரிபொருளில் ஓடி விசிறியைச் சுற்றும் டர்போப்ராப் எஞ்சின்களைப் பொருத்துவது. அப்படி மாறியவை இன்றும் அண்டார்டிகாவில் சறுக்குக்கட்டையோடு இறங்குகின்றன.

அந்த நிறுவனத்தின் முற்றத்தில், எஞ்சின் கழற்றப்படுவதற்காக ஒரு பழைய உடல் காத்திருந்தது. வரிசை எண்ணைப் பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டபோதுதான் அது யாரென்று தெரிந்தது. 1944 ஜூன் 6 அன்று பிரான்ஸின் நார்மண்டியில் நேச நாடுகளின் பாராசூட் வீரர்களைக் குதிக்கவிட்ட பெரும் அணிக்கு முன்னால் பறந்த 'தட்ஸ் ஆல், பிரதர்' விமானம். மாற்றும் வேலையை நிறுத்தினார்கள். பழைய வகை எஞ்சின்களோடேயே 2018இல் மறுபடி பறந்தது. மறு வருடம் அட்லாண்டிக்கைக் கடந்து நார்மண்டிக்கே போய்வந்தது.