இரண்டு தளப்பலகைகள் ஒன்றாய் அசைவது எப்படி?

வார்த்துக் கொண்டுவந்து அடுக்கும் கொங்கிறீட் பலகைகளால், அதாவது பிறீகாஸ்ட் பலகைகளால், கட்டிய வாகனத் தரிப்பிடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பலகைகளுக்கு இடையில் இணைப்பு இல்லாவிட்டால், கார் ஏறிய பலகை மட்டும் சற்றுத் தாழும். பக்கத்துப் பலகை அப்படியே நிற்கும். நடுவில் ஒரு படி விழும், சில்லு ‘டக்’ என்று இடிக்கும், நாளடைவில் விளிம்பு உதிரும்.

இதைத் தடுக்கத்தான் வெல்டிங். வார்க்கும்போதே பலகையின் விளிம்பில் ஓர் உருக்குத் தகட்டைப் பதித்துவிடுவார்கள். அதன் பின்னால் இரண்டு கம்பிகள், காலை அகட்டி நிற்பவர்போல, 45 பாகையில் கொங்கிறீட்டுக்குள் போகும். எதிரெதிரே வரும் தகடுகளுக்கு நடுவில் ஓர் உருக்குத் துண்டை வைத்து வெல்ட் பண்ணுவார்கள். காற்று கட்டிடத்தைத் தள்ளும்போது ஒரு கால் இழுபடும், மற்றது அமுங்கும். தளம் முழுவதும் ஒரே தட்டாக நின்று விசையைச் சுவர்களுக்குக் கடத்தும். 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்தில், சரியாகப் பிணைக்காத தளப்பலகைகள் பொலபொலவென்று விழுந்தன.

வெல்ட் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? பக்கம் 6 மி.மீ. உள்ள முக்கோண வெல்டில் விசையைத் தாங்கும் கழுத்து, அதாவது அதன் மிக ஒடுங்கிய இடம், ஏறக்குறைய 4.2 மி.மீ.தான். அதைவிட முக்கியமாக நான் நினைப்பது, அளவுக்கு மிஞ்சிய விசை வந்தால் எது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது. வெல்டும் கொங்கிறீட்டும் சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும். கம்பி மட்டுந்தான் நீண்டு கொடுக்கும். ஆகவே கம்பி நீண்டு கொடுக்கும் விசையைக் கணக்கிட்டு, வெல்டை அதைவிடப் பலமாக வைக்க வேண்டும்.

சரி, இனி வெல்ட் பண்ணும்போது எழும் வெப்பம். 150 மி.மீ. நீளத் தகட்டின் சூடு 200 பாகை செல்சியஸ் கூடினால், அது ஏறத்தாழ 0.36 மி.மீ. நீளும். ஐந்து தலைமயிரை அடுக்கிய தடிப்பு, அவ்வளவுதான். ஆனால் கொங்கிறீட் இழுவைக்குத் தாங்காது. அதே நீளத்தை 0.015 மி.மீ. அளவு இழுத்தாலே வெடித்துவிடும். அதனால்தான் தகட்டைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் வருகின்றன. வார்க்கும்போதே தகட்டின் ஓரத்தில் நுரைநாடா ஒட்டி இடைவெளி விட்டால், மெல்லிய வெல்டிங் குச்சியால் ஆறவிட்டு ஆறவிட்டு வெல்ட் பண்ணினால், பெரும்பாலும் தப்பலாம்.

கொழும்பின் ஈரக்காற்றில் இன்னொரு சங்கடம். திறந்து வைத்த வெல்டிங் குச்சியின் பூச்சு ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்திலிருந்து பிரியும் ஐதரசன் உருகிய உருக்குக்குள் புகுந்து, ஆறிப் பல மணிநேரம் கழித்துக்கூட வெல்டை வெடிக்க வைக்கலாம். எனவே ஐதரசன் குறைந்த குச்சிகளைச் சூடான பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். தென்மேல் பருவமழை நாட்களில் அந்தப் பெட்டி உண்மையில் சூடாக இருக்கிறதா என்று காலையில் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் கடல் உப்பு. துருவுக்குப் பயந்து வெள்ளவத்தை போன்ற கரையோரத்தில் கறையில் உருக்கு, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், தகட்டைத் தெரிவு செய்வது நல்லதுதான். ஆனால் அதில் பரவலாகப் பயன்படும் வகை, சாதாரண உருக்கைவிடச் சூட்டில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளும். நுரைநாடாவின் தடிப்பையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும்.