கண்முன் இருக்கும் கணினிக் கோப்பை ஏஐ ஏஜென்ட் ஏன் 'இல்லை' என்கிறது?

"கோப்புறையைத் திறந்தால் அந்தக் கோப்பு எனக்குத் தெரிகிறது. ஏஐ ஏஜென்டிடம் தேடச் சொன்னால் இல்லை என்கிறது. பிறகு அதே வேலைக்குப் புதிதாக ஒரு கோப்பை எழுதியும் வைத்துவிடுகிறது. ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஏஜென்டுக்குள் இயங்கும் மொழி மாதிரியின் (எழுத்தைப் படித்து எழுத்தால் பதில் தரும் ஏஐ நிரல்) அறிவைச் சந்தேகிக்கும் முன், தேடுவதற்காக அதனிடம் கொடுத்த கருவியின் விளக்கக் குறிப்பைப் படித்துப் பாருங்கள் என்பேன்.

மொழி மாதிரி கணினியின் வட்டைத் தானாகத் தொடுவதில்லை. 'இந்தக் கருவியை இந்த விவரங்களோடு இயக்கு' என்று எழுதுகிறது. வெளியே உள்ள நிரல் இயக்கிவிட்டு, விடையை எழுத்தாகத் திருப்பித் தருகிறது. கருவியின் நிரலை மாதிரி பார்ப்பதே இல்லை. கருவியின் பெயர், சில வரி விளக்கம், என்னென்ன உள்ளீடு தரலாம் என்ற பட்டியல் ஆகியவை உங்கள் கேள்வியோடு சேர்த்து அதன்முன் வைக்கப்படுகின்றன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட, மாதிரிகளைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையிலும் ஏற்பாடு இதுதான்.

கோப்பு தேடும் கருவிகள் பலவற்றில் பெயரின் தெரியாத பகுதிக்குப் பதிலாகக் குறிகளை இட்டுத் தேடும் 'குளோப்' வடிவங்கள் இருக்கும். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளம் உருவானபோதே இந்தப் பெயரில் தனி நிரல் இருந்தது. நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துக்கும் பொருந்தும், கேள்விக்குறி ஒரே ஒரு எழுத்துக்கு.

இப்போது குறிப்பில் 'கோப்புகளைத் தேடும்' என்று மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏஜென்ட் 'கணக்கு*' என்று கேட்கிறது. கோப்போ 'மூலம்/பழையவை/கணக்கு_2023' என்று இரண்டு கோப்புறைகளுக்குள் இருக்கிறது. ஒற்றை நட்சத்திரம் கோப்புறைகளைப் பிரிக்கும் சாய்கோட்டைத் தாண்டாது. மேல்தளத்தில் மட்டும் பார்த்துவிட்டு வெறும் பட்டியலோடு திரும்புகிறது. அந்த வெறும் பட்டியலுக்கு 'எங்குமே இல்லை' என்றும் பொருள் கொள்ளலாம், 'பார்த்த இடத்தில் இல்லை' என்றும் கொள்ளலாம். மாதிரி முதல் பொருளை எடுத்துக்கொண்டால், 'கோப்பு இல்லை' என்ற வரி உரையாடலில் பதிந்துவிடுகிறது. அடுத்த ஒவ்வொரு படியும் அந்த வரியைப் படித்துவிட்டே தொடங்குகிறது. புதுக் கோப்பு பிறப்பது இப்படித்தான்.

இரட்டை நட்சத்திரம் இட்டு '**/கணக்கு*' என்று கேட்டிருந்தால் கிடைத்திருக்குமே என்று தோன்றும். அதுவும் கருவியைப் பொறுத்தது. கட்டளைகளை இயக்கும் பாஷ் என்ற நிரலில் குளோப்ஸ்டார் அமைப்பை இயக்காவிட்டால் இரட்டை நட்சத்திரம் ஒற்றையைப் போலவே நடந்துகொள்ளும். பைத்தான் நிரல்மொழியின் குளோப் தொகுதியில், உட்கோப்புறைகளுக்குள்ளும் போகும்படி தனியே சொல்ல வேண்டும். பயிற்சியின்போது மாதிரி இந்த வழக்கங்களையெல்லாம் படித்திருக்கும். இந்தக் கருவி எந்த வழக்கத்தில் நடக்கிறது என்பதை அதற்குச் சொல்ல அந்தக் குறிப்பை விட்டால் வேறு ஆளில்லை.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று. 'கேள்விக்குறி ஓர் எழுத்துக்குப் பொருந்தும்' என்றால் எது எழுத்து? 'கோப்பு' என்பது நமக்குக் கோ, ப், பு என மூன்றெழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையின் குறியீட்டுப் புள்ளிகளாக எண்ணினால் ஆறு. ஓகாரக் குறியை இரண்டாகப் பிரித்துச் சேமித்திருந்தால் ஏழு. குறியீட்டுப் புள்ளிகளை எண்ணும் கருவியிடம் மூன்று கேள்விக்குறி கொடுத்தால் இந்தப் பெயர் சிக்காது. நான் மிகவும் ரசிக்கும் இடம் இது. நம் இலக்கணத்தின் ஓர் எழுத்தும் இயந்திரத்தின் ஓர் எழுத்தும் ஒன்றல்ல என்பதைக் குறிப்பில் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

பலர் அதைச் செய்யாமல் 'மிக முக்கியம்', 'கட்டாயம்' என்று ஆச்சரியக்குறிகளை அடுக்குகிறார்கள். ஒருமுறை பலித்தது என்பதற்காக மந்திரம்போல அதையே எல்லாக் கருவிகளுக்கும் எழுதுகிறார்கள். இது மூடநம்பிக்கைதான். குறிப்பில் ஒரே ஒரு வரியை மாற்றி, அதே இருபது தேடல்களைப் பலமுறை ஓட்டி, எத்தனை முறை சரியான கோப்பு கிடைத்தது என்று எண்ணினால் உண்மை தெரிந்துவிடும். மாதிரியைப் பெரிதாக்கக் கொட்டும் பணத்தில் சிறு பங்கை இத்தகைய அளவீடுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்ட வாசகர் உடனே செய்யக்கூடியது இது. பெயரை மட்டும் தேடுமா, உள்ளடக்கத்தையுமா, எந்தக் கோப்புறையில் தொடங்கும், புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகள் சேருமா, பட்டியல் நீண்டால் எங்கே வெட்டப்படும் என்பதையெல்லாம் குறிப்பில் எழுதுங்கள். ஒன்றும் கிடைக்காதபோது வெறும் பட்டியலுக்குப் பதிலாக, 'மேல்தளத்தில் மட்டும் தேடினேன், பொருந்தியவை 0, உட்கோப்புறைகளைப் பார்க்கவில்லை' என்று கருவியே சொல்லும்படி மாற்றுங்கள்.