‘உமி நீக்கிய கோதுமை’ என்று எழுதாதீர்கள்

பழங்காலக் கோதுமையை வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பது பற்றித் தமிழில் வருகிற குறிப்புகளிலும் காணொளிகளிலும், விதைப் பொட்டலத்தின் மேல் ஒட்டியிருக்கும் தாளில்கூட, “இது உமி நீக்கிய கோதுமை வகை” என்று திரும்பத் திரும்பப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பழங்கால வகைகளில் எம்மர் உமி நீக்கிய கோதுமையாம், ஐன்கார்னும் அப்படியாம், ஸ்பெல்ட்டும் அப்படியாம். உண்மை நேர் எதிர். கதிரடித்தாலும் உமி போகாது என்பதுதான் இந்த மூன்றுக்கும் பொதுவான அடையாளம்.

பிழை எங்கே பிறந்தது என்பது தெளிவு. ஆங்கிலத்தில் இவற்றை ‘ஹல்டு வீட்’ என்கிறார்கள். ஹல் என்றால் உமி. ‘ஹல்டு’ என்பதை உமி எடுக்கப்பட்டது என்றும் படிக்கலாம், உமி உடையது என்றும் படிக்கலாம். பயிர் வகையைச் சொல்லும்போது இரண்டாவது பொருள்தான். கதிரில் நீண்ட கூர் உள்ள கோதுமையை அதே ஆங்கிலத்தில் ‘பியர்டட் வீட்’ என்பார்கள், அதாவது தாடி உள்ள கோதுமை. அதைத் ‘தாடி மழித்த கோதுமை’ என்று யாரும் பெயர்ப்பதில்லையே. ஆனால் ஆங்கிலத்திலும் குழப்பம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கடையில் ‘ஹல்டு பார்லி’ என்று விற்பது உமி எடுத்த பார்லிதான். அதனால்தான் அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்க்கக் கூடாது, பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

எடுத்துப் பாருங்கள். சப்பாத்திக்குப் போகிற சாதாரணக் கோதுமையின் முற்றிய கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் மணி தனியே வந்துவிடும், உமியை ஊதினால் பறக்கும். எம்மர் கதிரைக் கசக்கினால் மணி வராது. கதிரின் நடுத்தண்டு கணுக்கணுவாக முறிந்து, சின்னச் சின்னத் துண்டுகளாகக் கையில் கிடக்கும். ஒவ்வொரு துண்டிலும் விறைப்பான உமிக்குள் பெரும்பாலும் இரண்டு மணிகள், ஓரத்தில் முறிந்த தண்டின் ஒரு சிறு குச்சி. ஐன்கார்ன் என்றால் உள்ளே பெரும்பாலும் ஒரு மணிதான். உரலில் போட்டுக் குத்தினால்தான் வெளியே வரும். பழைய ரோமில் ரொட்டி சுடுபவருக்கு ‘பிஸ்டர்’ என்று பெயர். அந்தச் சொல்லின் வேர்ப்பொருள் ‘குத்துபவர்’. அவர் குத்தியது இந்த உமி பிரியாத கோதுமையைத்தான்.

வேர்ச்சொல் கதை அதிகம் வேண்டாம். கோதுமை என்பது வடமொழி கோதூமத்திலிருந்து வந்தது, கன்னடத்தில் கோதி, மராத்தியில் கஹூ. எம்மர் ஜெர்மன் சொல். ஐன்கார்னும் ஜெர்மன்தான், ‘ஒரு மணி’ என்று பொருள். தாவரவியல் பெயர்களும் அதே கணக்கில்தான் நிற்கின்றன: ஐன்கார்ன் மோனோகாக்கம் (ஒரு மணி), எம்மர் டைகாக்கம் (இரு மணி). கோதுமைக்கே தனித்தமிழ்ச் சொல் தேடுபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நம் வயல்களில் இத்தனை காலம் வழங்கும் சொல்லை மாற்றுவதைவிட, தப்பான அடைமொழியை எடுப்பதுதான் அவசரம்.

ஏன் அவசரம் என்றால், தோட்டத்தில் இது நேரடியாகக் கெடுக்கிறது. ‘உமி நீக்கிய’ என்று படித்தவர், கடையில் சமையலுக்கு விற்கிற, இயந்திரத்தில் உமி எடுத்த மணியை வாங்கி விதைப்பார். உமி எடுக்கும்போது முளை அடிபட்டிருக்கும், பாதிகூட முளைக்காமல் போகலாம். நல்ல விதையே கையில் வந்தவர், இது சுத்தம் செய்யாத சரக்கு என்று நினைத்துத் திருப்பி அனுப்புவார், இல்லையென்றால் விதைக்கும் முன் உட்கார்ந்து உரிப்பார். இரண்டும் வேண்டாத வேலை. இந்தக் கோதுமையை உமியோடு, அந்தச் சின்னத் துண்டு துண்டாகவே விதைக்க வேண்டும். எம்மர் என்றால் ஒரு குழியில் இரண்டு நாற்று எழும்பும், அதனால் கொஞ்சம் இடைவெளி விட்டே விதைக்கலாம். நம் ஊரில் நவம்பரில், வரிசைக்கு வரிசை 20 செ.மீ. விட்டு, 5 செ.மீ. ஆழத்துக்குள் போட்டால் போதும். விதைத்து மூன்று வாரம் ஆகும்போது தூர் பிடித்து மேல்வேர் விடும் சமயம், அப்போது மட்டும் தண்ணீரைத் தவற விடக் கூடாது. எரு அதிகம் போட்டால் உயரமான வகைகள் கதிர் பிடித்ததும் சாய்ந்துவிடும். பால் பிடிக்கிற நேரத்தில் சில்லைக் குருவிகள் வரும், வலை போட்டுவிடுங்கள். அறுவடைக்குப் பிறகுதான் உரல் வேலை. உமியாகப் போகிற எடையையும் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘உமி நீக்கிய’ என்று எழுதியவர் இதில் எதையுமே வாசகருக்குச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்.

சரி, அப்படியானால் என்ன சொல்வது? பிழையை உணர்ந்த சிலர் ‘தோல் கோதுமை’ என்று எழுதுகிறார்கள். நோக்கம் நல்லது, சொல் சரியில்லை. தோல் உளுந்து, தோல் பாசிப்பயறு என்று நாம் சொல்வது மணியோடு ஒட்டிய, சாப்பிடக்கூடிய மேல்தோலை. கோதுமையில் அந்த இடத்தில் இருப்பது தவிடு. ‘தோல் கோதுமை மாவு’ என்று சொன்னால் தவிடு சலிக்காத முழுக்கோதுமை மாவு என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள், அப்படிப் புரிந்துகொள்வதில் தவறும் இல்லை. உமி வேறு, தவிடு வேறு என்பதை நெல் குத்திய எந்த வீட்டிலும் பாடம் நடத்த வேண்டியதில்லை. உமி மூடியிருந்தால் நெல், உமி போனால் அரிசி என்று ஒரே மணிக்கு இரண்டு பெயர் வைத்த மொழி இது. இத்தனை நுணுக்கம் கையில் இருக்கும்போது, தோல் என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் குழப்புவது எனக்குப் பொறுக்கவில்லை. ‘உறைக் கோதுமை’ என்பதும் கண்ணில் படுகிறது. உறை என்றதும் விதைக்கு மேல் பூசுகிற மருந்துப் பூச்சு நினைவுக்கு வருகிறது, அதுவும் விதை வாங்குகிற இடத்தில்.

என் முடிவு, உமிக்கோதுமை. விரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘உமி பிரியாத கோதுமை’. கோதுமை உமி என்று யாராவது மாற்றிப் படிப்பார்களோ என்றால், படிக்க மாட்டார்கள், தமிழில் அதற்குச் சொல் வரிசையே வேறு. இதற்கு எதிரான, எளிதாக மணி உதிரும் வகையை ஆங்கிலத்தில் ‘நேக்கட் வீட்’ என்கிறார்கள். அதை ‘நிர்வாணக் கோதுமை’ என்று பெயர்த்தால் என்ன பொருள் கிடைக்கும்? உதிர்மணிக் கோதுமை என்றால் வேலையும் விளங்குகிறது.

ஐன்கார்னுக்கு ‘ஒற்றைத் தானியக் கோதுமை’ என்று எழுதுவதும் இதே வகைப் பிழை. தானியம் என்பது நெல், கம்பு, சோளம் என்கிற இனம். ஒரு விதையை நாம் மணி என்போம். ‘ஒற்றைத் தானியம்’ என்று போட்டால், பல தானிய மாவுக்கு மாற்றாக ஒரே தானியத்தில் அரைத்த மாவு என்று தோன்றும். ஒருமணிக் கோதுமை என்று எழுதுங்கள், ஜெர்மன் சொல்லின் பொருளும் அப்படியே வந்துவிடும்.

எம்மருக்கு இருமணிக் கோதுமை என்று ஆக்கலாம்தான், ஆனால் தேவையே இல்லை, ஏனென்றால் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: சம்பா கோதுமை. மராட்டியத்திலும் வட கர்நாடகத்திலும் கப்லி என்று வழங்குவதும் இதுவே. மராத்தியில் கப்லி என்றால் புண்ணின் மேல் காயும் பொருக்கு. உமி ஒட்டிக் கிடக்கிற இந்தக் கோதுமைக்கு அந்தப் பெயர் அவ்வளவு பொருத்தம். நீலகிரி மாவட்டம் வெல்லிங்டனில் உள்ள, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல நிலையம் எச்.டபிள்யூ. 1098 என்ற வகைக்கு ‘நீலகிரி கப்லி’ என்றே பெயர் கொடுத்தது. நீலகிரியும் பழனி மலையும் கோதுமைத் துருநோய்க்குப் பெயர்போன இடங்கள், அங்கே தாக்குப்பிடித்த பயிர் இது. இத்தனைக்கும் பிறகு நம்மவர்களே ‘எம்மர் எனும் பண்டைய மேலைநாட்டுக் கோதுமை’ என்று எழுதுவதை என்ன சொல்ல.

‘பண்டைய கோதுமை’ என்ற சொல்லும் விற்பனைக்குத்தான் உதவும், தோட்டக்காரருக்கு உதவாது. கொராசான் கோதுமையும் அந்தப் பெயரில் விற்கிறது, அது உதிர்மணி வகை, உரலே தேவையில்லை. ஐன்கார்னும் பண்டையதுதான், ஆனால் அதன் பல வகைகள் நீண்ட குளிரைக் கேட்பவை, நம் சமவெளியில் புல்லாகவே நின்று கதிர் விடாமல் போகலாம். பழமையைச் சொல்லி விதையை விற்பவர், பொட்டலத்தின் மேல் இரண்டே விஷயம் தமிழில் எழுதட்டும்: உமிக்கோதுமையா உதிர்மணியா, குளிர் வேண்டுமா வேண்டாமா.