வம்சவரலாறு: மூங்கிலா, கொடியா?

புதிய ஏற்பாட்டைத் திறந்ததும் எதிர்ப்படும் முதல் கனமான சொல் இது. ‘இயேசுகிறிஸ்துவினுடைய வம்சவரலாறு’ என்று மத்தேயு தொடங்குகிறார். அதன்பின் பதினைந்து வசனங்கள் ‘பெற்றான், பெற்றான்’ என்றே ஓடும். வாசிப்பவர்களில் பாதிப்பேர் இங்கே பக்கத்தைத் தள்ளிவிடுவார்கள்.

‘வம்சம்’ வடசொல். அதன் முதற்பொருள் மூங்கில். கணுவுக்குமேல் கணுவாக வளரும் மூங்கிலைத் தலைமுறைக்கு உவமையாக்கினார்கள். பழைய ஏற்பாட்டின் மொழியான எபிரெயத்தில் இதற்கு நிகரான ‘தோலெதோத்’தில் மரமோ செடியோ இல்லை. ‘யாலத்’, அதாவது ஈனுதல், பெறுதல் என்னும் வினையிலிருந்து வந்தது அது. ‘பிறப்புகள்’ என்பதே நேர்ப்பொருள்.

தோலெதோத் கீழ்நோக்கிப் பார்க்கும் சொல். ஒருவரின் பெயரைச் சொல்லி, அவரிடமிருந்து யார் யார் வந்தார்கள் என்று சொல்லும். ஆதியாகமம் 37-இல் யாக்கோபின் தோலெதோத் என்று தொடங்கியதும் வருவது யாக்கோபின் முன்னோர் கதையன்று, பதினேழு வயது யோசேப்பின் கதை. பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு அங்கே ‘சந்ததியின் வரலாறு’ என்று போட்டது மிகச் சரி.

மத்தேயு இதைத் திருப்பிப் போடுகிறார். ஆதியாகமம் 5-இல் ஆதாமின் பட்டியல் முதல் மனிதன் பெயரில் நிற்க, மத்தேயுவின் பட்டியல் கடைசியில் பிறந்தவர் பெயரில் நிற்கிறது. 1995-இல் வந்த திருவிவிலியம் என்னும் புதிய மொழிபெயர்ப்பு இங்கே ‘மூதாதையர் பட்டியல்’ என்றது. இந்த இடத்துக்கு அது பொருத்தம், ஆதியாகமத்துக்குப் பொருந்தாது.

‘பெற்றான்’ என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘யோராம் உசியாவைப் பெற்றான்’ என்கிறார் மத்தேயு. ராஜாக்களின் வரலாற்றைப் பார்த்தால் நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா மூவர் இருக்கிறார்கள். நம் முறைப்படி உசியா யோராமுக்கு எள்ளுப்பேரன்! எபிரெய வழக்கில் ‘மகன்’ என்றால் வழித்தோன்றல் என்றும் பொருள். ஆபிரகாம் முதல் தாவீது வரை, தாவீது முதல் பாபிலோன் சிறையிருப்பு வரை, அங்கிருந்து கிறிஸ்து வரை என்று மூன்று பதினான்கு தலைமுறைக் கணக்கை மத்தேயு வேண்டுமென்றே அமைத்தார். எபிரெய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. தாவீதின் பெயரைக் கூட்டினால் 14 வரும் என்பதைப் பலர் காரணமாகச் சொல்வர். இது பதிவேடு அல்ல, ஒரு வாதம். இன்னொரு சுவிசேஷகரான லூக்காவோ இயேசுவிலிருந்து மேலேறி ஆதாம் வரை போகிறார்.

இன்னொரு வேடிக்கை ‘கோத்திரம்’. யூதா கோத்திரம், லேவி கோத்திரம் என்று வாசித்துப் பழகிவிட்டோம். எபிரெயத்தில் அது ‘ஷேவெத்’. கோல் என்றும் குலம் என்றும் பொருள்படும். ‘செங்கோல் யூதாவைவிட்டு நீங்குவதும் இல்லை’ என்ற இடத்திலும் இதே சொல்தான். நம் நாட்டில் கோத்திரம் என்றால் ஒரே கோத்திரத்துக்குள் பெண் கொடுக்கக் கூடாது. எண்ணாகமம் 36-இல் நேர் எதிர்: செலொப்பியாத்தின் ஐந்து மகள்களும் தகப்பன் நிலம் வேறு கோத்திரத்துக்குப் போகாதபடி சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே ‘குலம்’ என்பதே தேவலை. அதிலும் சாதி வாடை அடிக்கும் என்பது வேறு சங்கடம்.

வம்சம் அங்கே பெருமைப் பேச்சு மட்டுமில்லை, பிழைப்பும்கூட. பாபிலோனிலிருந்து திரும்பிய சில ஆசாரியர்கள் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாததால் ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டார்கள் என்கிறது எஸ்றா 2. இதற்கு எதிர்ப்பக்கம் எபிரெயர் 7: மெல்கிசேதேக்கு தகப்பனும் தாயும் வம்சவரலாறும் இல்லாதவன், ஆனாலும் ஆசாரியன். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போதோ முடிவில்லாத வம்சவரலாறுகளைக் கவனிக்கவே வேண்டாம் என்கிறார்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? மரபு அகலமான சொல். சடங்கும் மரபுதான், இலக்கணமும் மரபுதான். ‘கால்வழி’ நல்ல சொல், ஆனால் புழக்கம் குறைவு. என் தேர்வு ‘கொடிவழி’. தமிழில் உறவுக்கே கிளை என்று பெயருண்டு. ஏசாயா 11-உம் தாவீதின் தகப்பனான ஈசாயின் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் தோன்றும் என்று செடியாகத்தான் பார்க்கிறது. அந்த ஈசாயின் தகப்பன் ஓபேத். அவனைப் பெற்றவள் மோவாபியப் பெண் ரூத். வேற்றினத்தாளான அவள் பெயரும் மத்தேயுவின் கொடியில் இருக்கிறது.